பணம் கட்டாவிட்டால் பூட்டிவிடலாமா?

(சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலில் வெளியிடப்படுகிறது.)

பத்து நிமிஷம் பேசினால் போதும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் வளாகத்து ஆப் ஒன்பது நாள் திறக்கவில்லை. கேட்டில் காவலர் பழையபடி நோட்டு வாங்கி, வருகிறவர் பெயரையும் வண்டி எண்ணையும் கையால் எழுதினார். பராமரிப்புக் கட்டணம் கட்டியவர்களுக்கு ரசீது வரவில்லை. வீட்டை விற்க இருந்த உறுப்பினர் ஒருவருக்கு, பாக்கி இல்லை என்ற சான்றைப் பொருளாளரால் கொடுக்க முடியவில்லை. கணக்கு முழுவதும் அந்த ஆப்புக்குள் இருந்தது. பத்திரப் பதிவுக்கு அவர் வாங்கியிருந்த டோக்கன் வீணாகி, வேறு நாள் பார்க்க வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒன்பது நாளும் வந்த செய்திகளை இங்கே வாசிக்க வேண்டாம்.

பாதிப் பேர் ஆப் கம்பெனியைத் திட்டினீர்கள். மீதிப் பேர் நிர்வாகக் குழுவைத் திட்டினீர்கள். நான் மட்டும் எதுவும் எழுதவில்லை. காரணம், என் பிழைப்பும் அதே தொழில்தான். ஐந்து ரோடு பக்கம் ஆறு பேர் வேலை செய்கிற சின்ன ஆபீஸ் நடத்துகிறேன். லாரி புக்கிங் ஆபீஸ், புடவை மொத்த வியாபாரம், ஜவ்வரிசி ஆலை, கோழித் தீவனக் கடை என்று சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களுக்குக் கணக்கு மென்பொருளை மாத வாடகைக்கு விடுகிறோம். பணம் கட்டாதவரின் கணக்கை நிறுத்துகிற பொத்தான் பல வருஷமாக என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த தப்பு ஒன்றும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

முதலில், இந்த 'கிளவுட்' என்பதைப் பயப்படாமல் புரிந்துகொள்வோம். முன்பு மென்பொருள் என்றால் ஒரு சிடி. காசு கொடுத்து வாங்கி நம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் முடிந்தது. விற்றவர் கடையை மூடிப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். இப்போது அப்படி இல்லை. மென்பொருளும் அதில் நாம் போட்ட கணக்கும் எங்கோ இருக்கிற அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ குடோன் வாடகைக்கு எடுத்து மூட்டை அடுக்குகிறோமே, அது மாதிரி. மூட்டை உங்களுடையது, பூட்டு குடோன்காரருடையது. வாடகை ஒழுங்காகப் போகும் வரை இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை.

நம் ஆப் ஏன் பூட்டப்பட்டது என்று பார்த்தேன். யாரும் பணத்தை ஏமாற்றவில்லை, வங்கியில் இருப்பும் இருந்தது. சந்தாவுக்குக் கொடுத்திருந்தது முந்தைய பொருளாளரின் கார்டு, முந்தைய பொருளாளரின் போன் எண். கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குச் செய்தி வர வேண்டும். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்தால்தான் பணம் போகும். அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தினார்கள். நம்முடையது ஆண்டுச் சந்தா, வரம்புக்கு மேல். முன்னறிவிப்பும் ஓடிபியும் போன போன் இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சேலத்து ஆப்பின் ஓடிபியை எதற்குக் கவனிக்கப் போகிறார்? நினைவூட்டல் மெயில்களும் அவருடைய பழைய முகவரிக்குத்தான் போயிருக்கின்றன. கம்பெனியின் கணக்கில் நாம் நான்கு நினைவூட்டலுக்குப் பதில் சொல்லாத ஆசாமி. நம் கணக்கில், சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்ட கம்பெனி. இரண்டு பக்கமும் சொல்வது உண்மை.

மின்சாரக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள் என்று சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரியும். ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 56ஆவது பிரிவின்படி, முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்த பிறகே இணைப்பைத் துண்டிக்கலாம். பில் தொகையில் தகராறு இருந்தால், ஆட்சேபத்தோடு அந்தத் தொகையைக் கட்டலாம், அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியைக் கணக்கிட்டுக் கட்டலாம். கட்டினால் தகராறு தீரும் வரை துண்டிக்க முடியாது. துண்டித்தாலும் கரண்ட் மட்டும்தான் போகும். உங்கள் பீரோவையோ அதிலிருக்கும் பத்திரத்தையோ மின்வாரியம் தொடாது. கிளவுட் மென்பொருளுக்கு இப்படிப் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தோமே, அதற்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

இவ்வளவு சொன்னதால் நான் கம்பெனிகளுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். நிறுத்தாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது. எங்கள் சர்வர் வாடகை டாலரில் வருகிறது, மாதம் தவறினால் எங்களையே அவர்கள் நிறுத்திவிடுவார்கள். வாடிக்கையாளர்களில் கெட்டிக்காரர்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வாரத்தில் மட்டும் பணம் கட்டி, வேலை முடிந்ததும் போனை எடுக்காத ஒருவர் எங்களிடம் இருந்தார். 'அடுத்த வாரம் தம்பி' என்று பதினொரு மாதம் ஓட்டியவரும் இருந்தார். அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஒவ்வொரு மாதத்தையும், ஒழுங்காகக் கட்டிய மற்றவர்கள் சுமந்தார்கள்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். கொடுக்க மனம் உண்டு, கையில் இருக்காது. நம் பக்கத்துத் தொழில்கள் எல்லாம் பருவத்தை நம்பியவை. புரட்டாசியில் முட்டை விற்பனை படுத்துவிடும், பண்ணைக்காரருக்குத் தீவனக் கடை பாக்கி ஏறும். மழைக்காலத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பி வரிசையாக நிற்கும். மரவள்ளிக் கிழங்கு வரத்து நின்றால் ஜவ்வரிசி ஆலையில் மிஷின் ஓடாது. லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கு இறங்கி, பெற்றுக்கொண்ட ரசீது திரும்பி வந்து, அதற்குப் பிறகு பாக்கி வாடகை கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். இவர்களுக்கு 'மாதம் 5ஆம் தேதி, தவறினால் பூட்டு' என்று விதி போட்டால், வேறு ஊர் அலுவலகத்தின் சட்டையை எடுத்து இவர்களுக்கு மாட்டுகிற மாதிரி.

நான் அப்படித்தான் போட்டேன்.

2019 தீபாவளிக்கு முந்தைய வாரம். இளம்பிள்ளையில் ஒரு புடவை மொத்த வியாபாரி, எங்களிடம் நான்கு வருஷ வாடிக்கை. இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. நான் எழுதியிருந்த புரோகிராம், கெடு தாண்டி 15ஆம் நாள் நள்ளிரவில் தானாகப் பூட்டும். அன்று அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. பூட்டியது. மறுநாள் சனிக்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில், 'கட்டணம் செலுத்தப்படாததால் இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.' கல்லாவுக்கு எதிரே வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்களாம். தீபாவளிச் சரக்கு எடுக்க வந்தவர்கள்.

கடைக்காரர் அங்கே இல்லை. நெஞ்சு வலி என்று மூன்று வாரமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். அவருடைய மனைவிதான் கடையைப் பார்த்தார். எங்கள் ஆபீஸுக்குப் போன் அடித்தார், சனி மதியத்தோடு நாங்கள் மூடிவிடுவோம். ஞாயிறு 20ஆம் தேதி. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள், அந்த மாதக் கணக்கு முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை காலை நான் ஆபீஸுக்குப் போனபோது அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் பை. இரண்டு மாதத்துப் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தார்.

"பணம் தராதது எங்க தப்புதான் தம்பி. அதுக்கு உங்க மிஷினை நிறுத்திக்குங்க, கேக்கல. ஆனா அந்தக் கணக்கு நானும் அவரும் ராத்திரி உக்காந்து போட்டது. அதை எதுக்குப் பூட்டினீங்க?"

எனக்குப் பதில் இல்லை. தாமதத்துக்கான அபராதம் நாளுக்கு 50 ரூபாய், வரிப் பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒரு நாளுக்கு அது சின்னத் தொகை, அதற்காக அவர் வரவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து மதியத்துக்குள் ஜரிகைக் கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. 'மாசம் ஆயிரம் ரூபாய் கட்டவே முடியலையாமே' என்று பேச்சு. வழக்கமாகக் கடனுக்குச் சரக்கு கொடுப்பவர் அந்த வாரம் ரொக்கம் கேட்டிருக்கிறார். வியாபாரிக்கு நாணயம்தான் முதல். கடையில் கோலோச்சிய மனிதர் படுத்த படுக்கையாக இருக்கும்போது, அவர் நாணயத்தை என் புரோகிராம் கடைவாசலில் போர்டு எழுதி மாட்டிவிட்டது. நான் அதை எழுதிய அன்று இதெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு வரி, ஒரு தேதி, ஒரு பூட்டு, அவ்வளவுதான் எழுதினேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன். இவற்றை வைத்துத்தான் நாம் அடுத்த ஒப்பந்தத்தைப் பேச வேண்டும்.

நிறுத்துவதைப் படிப்படியாக ஆக்கினோம். கெடு தாண்டியதும் எல்லாம் வழக்கம்போல ஓடும், உரிமையாளரின் போனுக்கு மட்டும் செய்தி போகும். பிறகு புதிதாகப் பதிவு போடுவது நிற்கும். பழைய கணக்கைப் பார்ப்பது, அச்செடுப்பது, எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்வது எப்போதும் திறந்தே இருக்கும். வேலை செய்கிறவர்கள் பார்க்கும் திரையில் பணம் என்ற சொல்லே வராது. 'புதிய பதிவு தற்போது இயலாது, உரிமையாளரிடம் கேட்கவும்' என்று மட்டும் இருக்கும். வெள்ளி முதல் ஞாயிறு வரையும், மாதத்தின் தாக்கல் நாட்களிலும், தீபாவளி, பொங்கல் வாரங்களிலும் எந்தக் கணக்கையும் புதிதாக நிறுத்துவதில்லை. உரிமையாளர் தானே அழுத்தி மூன்று நாள் அவகாசம் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்தோம். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பொத்தானை மாதா மாதம் தவறாமல் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பருவத் தொழில்காரர்களுக்கு, அவர்களே கேட்டால் கணக்கைத் தூங்க வைக்கிறோம். மிஷின் ஓடாத மாதங்களுக்கு ஆலைக்காரர் பெயரளவில் ஒரு தொகை கட்டுவார், கணக்கு அப்படியே இருக்கும். முழுதாக விட்டுப் போவதைவிட இது இருவருக்கும் நல்லது. ஆனால் தூங்க வைப்பது பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்வது ஆகாது. கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்கலாம் என்று அறிவித்தது, ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தவணை நின்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்ததைப் பிறகு பார்த்துத் திகைத்தவர்கள் நம் வளாகத்திலேயே உண்டு. ஆகவே 'நிறுத்தி வைக்கிறோம்' என்று யார் சொன்னாலும், நின்றிருக்கும் நாட்களுக்குக் காசு உண்டா, பழைய பாக்கி என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதைவிடத் திரும்பத் தொடங்குவதுதான் கடினம். இதை வெளியில் உள்ளவர்கள் யோசிப்பதில்லை. வைகுந்தம் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் இருப்பு தீர்ந்துபோன லாரிக்காரர் ஓரங்கட்டிப் போனிலேயே ரீசார்ஜ் செய்கிறார், பெரும்பாலும் சில நிமிஷத்தில் கேட் திறக்கிறது. எங்களிடம் அப்போது அப்படி இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. வாடிக்கையாளர் சனிக்கிழமை ராத்திரி பணம் அனுப்பிவிடுவார். அதைப் பார்த்துப் பூட்டைத் திறக்க வேண்டிய பையன் திங்கள் காலை பத்து மணிக்குத்தான் வருவான். பணமும் வாங்கிக்கொண்டு கதவையும் திறக்காமல் ஒன்றரை நாள்! இப்போது யுபிஐயில் பணம் வந்த கணமே தானாகத் திறக்கும்படி செய்திருக்கிறோம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நின்றிருந்த நாட்களில் அனுப்பாமல் தேங்கிய எஸ்எம்எஸ் எல்லாம், திறந்த நொடியில் ஒரே மொத்தமாகப் போய்விட்டது. ராசிபுரத்து தீவனக் கடை வாடிக்கையாளர்களுக்கு 20 நாள் பழைய பாக்கி நினைவூட்டல் அதிகாலை ஐந்து மணிக்குப் போனது. கடைக்காரர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. லாரி ஜிபிஎஸ்ஸில் இன்னும் மோசம். பெட்டி வண்டியிலிருந்து இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், நிறுத்தப்பட்ட கணக்கு என்று சர்வர் அதைத் தூக்கி எறிந்தால் அந்த நாட்களின் ஓட்டம் என்றைக்கும் கிடைக்காது. ஆகவே நிறுத்தும் முன்பே, நின்றிருக்கும்போது வருகிற தகவல் எங்கே போகும் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

உலகம் முழுக்கச் சந்தா வசூலிக்கிற கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளை எழுதுவதில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் பெரிய ஆட்கள். 2011இல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ கம்பெனிக்கு இதுதான் தொழில். ஜோஹோவும் இதற்குத் தனி மென்பொருள் வைத்திருக்கிறது. கார்டு மறுத்தால் எத்தனை முறை மறுபடி முயல்வது, எப்போது நினைவூட்டுவது, எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்று எல்லாம் அதில் வசதி உண்டு. ஆனால் எத்தனை நாள், எந்த வார்த்தை என்று நிரப்புவது வாங்கிய கம்பெனிதான். நானும் என்னுடையதில் 15 என்று நிரப்பியவன்தானே.

பெரிய கம்பெனிகளின் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 வணிகச் சந்தாக்களில் நெடுங்காலமாக இருக்கும் முறை, காலாவதியான பிறகு பொதுவாக 30 நாள் எல்லாம் ஓடும், அடுத்த 90 நாள் ஊழியர்களால் நுழைய முடியாது, நிர்வாகி மட்டும் உள்ளே போய்க் கோப்புகளை எடுக்கலாம், அதற்குப் பிறகு அழிக்கப்படும். வீட்டில் பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை கூகுளில் வைத்திருக்கிறீர்கள். இலவச இடம் 15 ஜிபி. கூடுதல் இடத்துக்குக் கட்டிவந்த பணத்தை நிறுத்தினால் போட்டோ உடனே போகாது, ஆனால் அளவுக்கு மேல் இருக்கும் வரை ஜிமெயிலில் புதுக் கடிதம் வராது. அப்படியே இரண்டு வருஷம் விட்டால் அழித்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு. கல்யாண ஆல்பம் அங்கே மட்டும் இருக்கிறது என்றால், இன்று ராத்திரியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பணம் ஒழுங்காகக் கட்டினாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. நெடுஞ்சாலையில் நயாரா பெட்ரோல் பங்குகளைப் பார்த்திருப்பீர்கள். குஜராத்தில் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் கம்பெனி. ரஷ்யக் கம்பெனிக்கு அதில் பங்கு இருப்பதால் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. பணம் கட்டிப் பெற்ற உரிமம் இது, எங்கள் சொந்தத் தகவலையே எடுக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத முடிவுக்குள் சேவை திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் வைத்து நீதிமன்றம் போக முடிந்தது. இளம்பிள்ளை அம்மாவால் பஸ் ஏறி வந்து என் ஆபீஸ் படியில் உட்காரத்தான் முடிந்தது.

சட்டம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் அந்த ஆண்டின் வருடாந்திரத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மென்பொருள் சந்தா நின்றுவிட்டது, கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. இங்கே கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், இதைக் கவனியுங்கள். மாதம் ஒரு தடவை கணக்கை இறக்கி உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் வையுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

நம் சங்கத்துக்கு வருகிறேன். ஆப் கம்பெனியோடு அடுத்த மாதம் சந்தா புதுப்பிக்க வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மெயில் முகவரியில் இருக்க வேண்டும். நினைவூட்டல் குறைந்தது மூன்று பதவிக்காரர்களுக்குப் போக வேண்டும். பொருளாளர் மாறும்போது சாவிக்கொத்து, காசோலைப் புத்தகத்தோடு இந்தச் சந்தாவையும் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்க வேண்டும். நிறுத்தினாலும் கணக்கைப் பார்க்கவும் இறக்கவும் முடியுமா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பணம் வந்தால் எத்தனை மணி நேரத்தில் திறப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இதற்குக் கம்பெனி தயங்கினால், வேறு கம்பெனி பார்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி, நான் பேசவே வந்த விஷயம். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் ஆப்பை நிறுத்தி வைப்பது, அவர்களுடைய விருந்தினருக்கு கேட்டில் அனுமதி தராமல் இருப்பது, பாக்கி உள்ளவர்கள் பெயரை ஆப்பின் முகப்பில் போடுவது. ஆப்பில் இதற்கான வசதி இருக்கிறது, ஒரு டிக் அடித்தால் போதும். முன்மொழிந்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. பாக்கி வைத்தவர்களுக்காக லிஃப்ட் மராமத்தும் காவலர் சம்பளமும் நம் கையிலிருந்துதான் போகிறது. பதினொரு மாதம் ஓட்டியவரை நானும் பார்த்தவன்.

ஆனாலும் அந்தத் தீர்மானத்தை இந்த வடிவில் நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் நாம் கோபப்பட்ட அதே பொத்தான்தான் இது, இப்போது நம் கையில் இருக்கிறது. கேட்டில் நிற்கிற விருந்தினர் பெண் பார்க்க வந்தவராக இருக்கலாம், ராத்திரியில் மருந்து கொண்டுவந்த பையனாக இருக்கலாம், ஆம்புலன்ஸ் டிரைவராக இருக்கலாம். அந்த வீட்டில் மூன்று மாதமாக ஏன் பணம் வரவில்லை என்று நம்மில் யாராவது போய்க் கேட்டோமா? பென்ஷன் தடைபட்ட வீடு ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும், எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். முகப்பில் பெயர் போட்டால் பாக்கி வரலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் மாலையில் விளையாட வெளியே வர மாட்டார்கள்.

மாற்றாக நான் முன்வைப்பது இது. விழா மண்டபப் பதிவு, ஷட்டில் கோர்ட், கூடுதல் கார் நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பாக்கி தீரும் வரை நிறுத்தலாம். கேட், தண்ணீர், லிஃப்ட், ரசீது, பழைய கணக்கைப் பார்க்கும் வசதி எதையும் தொடக் கூடாது. நிறுத்துவதற்கு 15 நாள் முன்னால் வீட்டுக்காரருக்கு மட்டும் எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், அதோடு நிர்வாகக் குழுவில் ஒருவர் நேரில் போய்ப் பேச வேண்டும். தவணை கேட்டால் கொடுக்கலாம். பணம் வந்த அன்றே வசதி திரும்ப வேண்டும். வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களை வக்கீல் நோட்டீஸ் மூலம் பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் கேட்டைப் பயன்படுத்த வேண்டாம்.

இதை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னால் அவரிடம் எழுதிக் கொடுங்கள். நேரில் போய்ப் பேசும் வேலைக்கு முதல் ஆளாக என் பெயரைப் போட்டிருக்கிறேன், இன்னும் இரண்டு பேர் வேண்டும்.